ஊசி இல்லாமல் உடம்பு ஏறுமா?

கேள்வி: வயது 23, உயரம் 170 செ.மீ., எடை 60 கிலோ. ஸ்டீராய்டு ஊசி போட்டால்தான் உடம்பு ஏறும் என்கிறார்கள் ஜிம்மில். போடாமல் எவ்வளவு ஏறும்?
- வாசகர், காசிமேடு

பதில்: முதல் வருடம் மாதத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை தசை கூடலாம். இரண்டாம் வருடம் அதில் பாதி, அப்புறம் இன்னும் மெதுவாக. கொழுப்பு நீங்கலான எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுங்கள். ஊசி போடாதவர்களுக்கு இப்படி வரும் எண் 25-ஐத் தாண்டுவது அபூர்வம். உங்கள் உயரத்துக்கு அது கொழுப்பு நீங்கலாகச் சுமார் 72 கிலோ. மொத்த எடையில் 12 சதவீதம் கொழுப்பு என்று வைத்தால் தராசில் 82. அங்கே போக வருடங்கள் ஆகும்.

புரதம் தினம் 100 கிராம் வேண்டும். நாலு முட்டையில் 24, கால் கிலோ சங்கரா மீனைச் சுத்தம் செய்து முள் போக மிஞ்சுவதில் 25 கிராம் போலக் கிடைக்கும். உலர்ந்த சோயா 50 கிராமில் 25. மிச்சம் பால், பருப்பு, சோறு. காசிமேட்டில் இருந்துகொண்டு புரத டப்பாவுக்குக் காசு கொட்டுவானேன்?

பலர் தேங்குவது ஒரே டம்பெல்லை வருடக்கணக்கில் தூக்குவதால்தான். எல்லா செட்டிலும் (நிறுத்தாமல் தூக்கும் ஒவ்வொரு சுற்றிலும்) 12 தடவை வந்துவிட்டால் எடையைக் கூட்டி 8 தடவையிலிருந்து தொடங்குங்கள்.

ஊசி போட்டால் விரைகள் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதைக் குறைத்துச் சுருங்கும், விந்தணுவும் குறையும். நிறுத்தினாலும் உடனே திரும்பாது.