படம் பார்க்காதவர்களுக்கு யுனிவர்சல் ஸ்டுடியோஸில் என்ன இருக்கிறது?

கேள்வி: ஊரிலிருந்து வரும் அப்பா, அம்மாவைச் சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸுக்கு அழைத்துப் போக நினைக்கிறேன். அங்குள்ள சவாரிகளுக்கு அடிப்படையான ஹாலிவுட் படங்கள் எதையும் அவர்கள் பார்த்ததில்லை. கதை தெரியாமல் போனால் டிக்கெட் பணம் வீணாகுமா? போவதற்கு முன் படங்களைப் போட்டுக் காட்ட வேண்டுமா?

பதில்:

தாராளமாக அழைத்துப் போங்கள். படங்களைப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. சிங்கப்பூரில் குடியிருக்கும் பல தமிழ்க் குடும்பங்களைப் போல எங்கள் வீட்டுக்கும் விடுமுறைக் காலங்களில் உறவினர்கள் வருவார்கள். யுனிவர்சல் ஸ்டுடியோஸ் இருக்கும் செந்தோசாத் தீவுக்கு அவர்களை அழைத்துச் செல்லும் பொறுப்பு என்னுடையது. வருகிறவர்களில் பலர் ஆங்கிலப் படமே பார்க்காதவர்கள். படம் பார்த்தவர்களைவிட அவர்கள் குறைவாக மகிழ்ந்து நான் கண்டதில்லை. சில சவாரிகளில் அவர்களுடைய மகிழ்ச்சிதான் அதிகம்.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரியை எடுத்துக்கொள்ளுங்கள். 3டி கண்ணாடி அணிந்து ஒரு வண்டியில் உட்கார வேண்டும். வண்டி நகர்ந்தபடியே முன்னும் பின்னும் சாயும், குலுங்கும், சட்டென்று திரும்பும். சுற்றிலும் மாடி உயரத் திரைகளில் ராட்சத இயந்திரங்கள் அடித்துக்கொள்ளும். எந்த இயந்திரம் எந்தக் கட்சி, எதற்காக இந்தச் சண்டை என்பதெல்லாம் ரசிகர்களுக்கு அத்துப்படி. என் பெரியம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. வெளியே வந்ததும் அவர் சொன்னார்: "நம்மைத் தூக்கிக்கொண்டு ஓடினானே, அவன் நல்ல பையன். கடைசிவரைக்கும் கைவிடவில்லை பார்."

சவாரியின் கதை முழுவதும் அந்த இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது. நாம் உட்கார்ந்து போகும் அந்த வண்டியே ஒரு பாத்திரம், பெயர் ஈவாக். இந்தச் சவாரிக்காகவே உருவாக்கப்பட்டவன் அவன். படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்த ரசிகருக்கும் அவன் அங்கேதான் அறிமுகமாகிறான். முக்கியமான பாத்திரத்தைப் பொறுத்தவரை ரசிகரும் பெரியம்மாவும் ஒரே நிலையில்தான் வண்டி ஏறுகிறார்கள்.

இது தற்செயல் அல்ல. சவாரிகளை வடிவமைத்த முன்னோடிகள் தொடக்கத்திலேயே இதைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' என்ற கடற்கொள்ளையர் படகுச் சவாரி 1967இல் திறக்கப்பட்டது. அந்தப் பெயரில் படம் வந்தது 2003இல். இடையில் 36 ஆண்டுகள், பின்னால் எந்தப் படமும் இல்லாத சவாரியாகவே அது கூட்டத்தை ஈர்த்தது. படத்தின் நாயகனுக்கு 2006இல்தான் சவாரிக்குள் இடம் கிடைத்தது. அதில் நேர்க்கோட்டில் ஒரு கதையும் கிடையாது. எரியும் ஊர், ஏலம் போடும் கொள்ளையர், சாவிக்கொத்தை வாயில் கவ்விய நாயை ஆசை காட்டி அழைக்கும் கைதிகள் என்று காட்சிகள் படகின் இருபுறமும் கடந்து போகும். பாத்திரங்களின் பேச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரியாமல் போகுமே என்று வசனம் எழுதிய எக்ஸ் அடென்சியோ கவலைப்பட்டாராம். அதற்கு வால்ட் டிஸ்னி, விருந்துக்குப் போனால் பலர் பேசுவதில் அங்கொன்றும் இங்கொன்றும்தானே காதில் விழுகிறது, இதுவும் அப்படித்தான், மறுபடி வரும்போது இன்னொன்று கேட்கும் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் காட்சிகளை வரைந்த மார்க் டேவிஸும், இந்த ஊடகத்தில் கதை சொல்ல முடியாது என்பதில் டிஸ்னி தெளிவாக இருந்தார் என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார். கதை சொல்வதையே தொழிலாகக் கொண்ட மனிதர் சொன்னது என்பதால் இதற்கு மதிப்பு அதிகம் என்று கருதுகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு இன்னும் பழையது. 1955இல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது அங்கே ஸ்னோ ஒயிட் சவாரி ஒன்று இருந்தது. அதற்குள் ஸ்னோ ஒயிட்டைக் காட்டவில்லை. வண்டியில் உட்கார்ந்திருப்பவர்தான் ஸ்னோ ஒயிட் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். காட்டில் வழி தவறுவது, சூனியக்காரி ஆப்பிளை நீட்டுவது எல்லாம் உங்களுக்குத்தான் நடக்கிறது. அருமையான யோசனை. ஆனால் வந்தவர்கள், "எல்லாரும் இருக்கிறார்கள், ஸ்னோ ஒயிட் எங்கே?" என்று குழம்பினார்கள். கடைசியில் 1983இல் அந்தப் பகுதியைப் புதுப்பித்தபோது அவளுடைய உருவத்தையும் உள்ளே வைத்தார்கள். குழம்பியவர்கள் யாரென்று யோசித்துப் பாருங்கள். கதை தெரிந்தவர்கள்தான். கதையே தெரியாத ஒருவர் அந்த வண்டியில் ஏறியிருந்தால் இருட்டுக் காட்டையும் கிழவியையும் கண்டு நேராகத் தனக்காகவே பயந்திருப்பார். வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்த சவாரி அவருக்குத்தான் கிடைத்திருக்கும்.

ஒரே இயந்திரத்துக்குக் கதையை மாற்றிப் போட்டாலும் சவாரி நிலைத்து நிற்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. உயரமான ஹோட்டல் கட்டடத்தில் லிஃப்ட் ஏறி, மேலிருந்து திடீரென்று விழ வைக்கும் டிஸ்னியின் 'டவர் ஆஃப் டெரர்' அமெரிக்காவில் ஒரு பழைய தொலைக்காட்சித் தொடரை ஒட்டி அமைந்தது. அதே வகைச் சவாரியை 2006இல் தோக்கியோ டிஸ்னிசீயில் திறந்தபோது அந்தத் தொடரைக் கைவிட்டுவிட்டு முற்றிலும் புதிய கதை ஒன்றை எழுதினார்கள். ஹாரிசன் ஹைடவர் என்ற பணக்காரர் ஆப்பிரிக்காவிலிருந்து அபகரித்து வந்த சிலையின் சாபத்தால், 1899இன் கடைசி இரவில் தன் ஹோட்டல் லிஃப்டில் மறைந்துபோகிறார். கலிஃபோர்னியாவில் இருந்த கோபுரமோ 2017இல் விண்வெளி நாயகர்களின் கோட்டையாக மாறியது. தொடர் போனது, சாபம் வந்தது, விண்வெளி வந்தது. லிஃப்ட் விழும்போது வயிறு மேலே ஏறுவது மட்டும் மாறவில்லை.

அப்படியானால் கதையே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஆனால் அந்தச் சவாரிக்குத் தேவையான கதையை அந்த இடமே உங்களுக்குச் சொல்ல வேண்டும். நல்ல பூங்காக்கள் அதை வரிசையிலும் முன்காட்சியிலும் சொல்கின்றன. ஹாங்காங் டிஸ்னிலேண்டில் 2013இல் திறந்த 'மிஸ்டிக் மேனர்' இதை மிக அழகாகச் செய்கிறது. அதற்கு முன்னால் படமும் இல்லை, நாவலும் இல்லை. உலகம் சுற்றி அரும்பொருள் சேர்க்கும் லார்ட் ஹென்றி என்பவரையும் ஆல்பர்ட் என்ற அவருடைய குரங்கையும் வரும் வழியிலேயே அறிமுகப்படுத்திவிடுகிறார்கள். மாய இசைப்பெட்டி ஒன்று புதிதாக வந்திருக்கிறது, அதைத் தொடக் கூடாது. குரங்கு தொடுகிறது. பெட்டியிலிருந்து கிளம்பும் ஒளித்துகள் அறை அறையாகப் பரவி, அங்கிருக்கும் பொருள்களுக்கெல்லாம் உயிர் வருகிறது. முடிவில் குரங்கு பெட்டியை மூடுகிறது. தண்டவாளமே இல்லாத வண்டிகள் அறைக்குள் தனித்தனியாகத் திரும்பி வளைந்து போகும். டேனி எல்ஃப்மேனின் இசை கூடவே வரும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழந்தை என்ன மொழி பேசியது என்று எனக்குத் தெரியாது. குரங்கு பெட்டியை நெருங்கியபோது நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தோம்.

இதனால்தான் கதை தெரியாதவர்களுக்கு நான் வலியுறுத்திச் சொல்வது, வரிசையில் அவசரப்படாதீர்கள் என்பதே. விரைவு வரிசை டிக்கெட் எடுத்தால் நேரம் மிச்சமாகும், முதியவர்களின் காலுக்கும் நல்லது. ஆனால் அந்த வழியில் சில அலங்கார அறைகளைப் பார்க்காமலே கடந்துவிட நேரும். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில் மாட்டியிருக்கும் திரைகள் எதை யார் பறிக்க வருகிறார்கள் என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆங்கிலம் புரியாவிட்டாலும் நல்லவன் முகமும் கெட்டவன் முகமும் மனத்தில் பதிந்துவிடும். கூட்டம் குறைந்த வார நாளில் போய்ச் சாதாரண வரிசையிலேயே நிற்பது என் தேர்வு.

விதிவிலக்குகள் உண்டு. படத்தின் தொடர்ச்சியாகவே எழுதப்பட்டவை எனக்கு ஏமாற்றம் தந்திருக்கின்றன. 'ஷ்ரெக் 4டி' காட்சி முதல் படம் முடிந்த இடத்தில் தொடங்குகிறது. இறந்துபோன வில்லன் ஆவியாக வந்து பழி தீர்க்கிறான். இன்னான் இன்னது செய்தவன் என்று தெரியாதவர்களுக்கு நாற்காலி ஆடுவதும் முகத்தில் நீர் தெறிப்பதும் மட்டுமே மிஞ்சும். என் பார்வையில் இது பார்வையாளரின் குறை அன்று; அந்தக் காட்சியை அமைத்த விதத்தின் குறை.

இன்னொரு விதிவிலக்கு இதே சிங்கப்பூரில், பாசிர் பாஞ்சாங்கில் இருக்கிறது: ஹா பார் வில்லா. டைகர் பாம் தைலத்தின் உரிமையாளர் ஆவ் பூன் ஹா தன் தம்பிக்காக 1937இல் கட்டிய இடம். சீனப் புராணங்களையும் நீதிக்கதைகளையும் காட்டும் நூற்றுக்கணக்கான வண்ணச் சிலைகள். சவாரி இல்லை, இசையும் வெளிச்சமும் வந்து கைப்பிடித்து அழைத்துப் போவதில்லை. நின்று பார்ப்பது நம் பொறுப்பு. இங்கே கதை தெரிந்தால் நிறையவே கிடைக்கும். பெரியம்மா ஒரு குரங்கு வீரனைக் கண்டு அனுமார் என்று கும்பிடப் போனார். புத்த நூல்களைத் தேடி இந்தியாவுக்குப் புறப்பட்ட துறவி சுவான்சாங்குக்குக் காவலாக வந்த குரங்கு அவன் என்று நான் சொன்ன பிறகு, பக்கத்தில் நின்ற பன்றிமுகத்தானும் அவருக்குப் புரிந்தான். சொல்லாமல் விட்டிருந்தால் அந்தப் பகுதி வெறும் விசித்திர உருவங்களின் வரிசையாகவே போயிருக்கும்.

ஆனால் அங்கேயே உள்ள பத்து நரக மன்றங்களில் நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. தீர்ப்புச் சொல்லும் அரசர்கள், பொய் சொன்னவனுக்கும் திருடியவனுக்கும் தனித்தனித் தண்டனை, கடைசி மன்றத்தில் முற்பிறவியை மறக்கச் செய்யும் பானத்தைக் கொடுக்கும் கிழவி, அதன் பிறகு மறுபிறப்பு. பெரியம்மா எனக்கே விளக்கினார். சீன நரகத்தின் அரசர்களில் ஒருவரான யான்லுவோ, பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து அங்கே போன யமன்தான். சீனக் கதை தெரியாது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த ஒருவர் அதன் வேரை முன்பே அறிந்தவராக இருந்தார்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். பெற்றோரை அழைத்துப் போகும்போது, சவாரி நடுவே காதோரம் குனிந்து, "இவன்தான் வில்லன், போன படத்தில் இவன்…" என்று விளக்கிக்கொண்டே வராதீர்கள். பல பிள்ளைகள் அன்போடுதான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அது பெரியவர்களைத் தங்களுக்கு ஏதோ குறைவு என்று எண்ண வைக்கிறது. வெளியே வந்த பிறகு, என்ன பார்த்தீர்கள் என்று அவர்களைக் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த கதையைவிட அவர்கள் சொல்வது நன்றாக இருக்கவும் கூடும்.

முன்கூட்டியே சொல்ல வேண்டியது உடல் சம்பந்தப்பட்டவற்றைத்தான். 'ரிவெஞ்ச் ஆஃப் தி மம்மி' முழுக்க இருட்டு. வண்டி பின்னோக்கியும் பாயும். ஜுராசிக் பார்க் வட்டப் படகில் நனையாமல் வர முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள், மாற்றுடை கொண்டுபோங்கள். முதுகுவலி, இரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருந்தால் நுழைவாயிலில் உள்ள எச்சரிக்கைப் பலகையைப் பார்த்துவிட்டே ஏறுங்கள். 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' ரோலர் கோஸ்டர்களை அவர்கள் கீழே நின்று பார்ப்பதே போதும். 'வாட்டர்வேர்ல்டு' நேரடிக் காட்சியைத் தவறவிடாதீர்கள்: படகுத் துரத்தல், தீ, உயரத்திலிருந்து குதிக்கும் வீரர்கள், இறுதியில் நீரில் வந்து விழும் விமானம். உட்கார்ந்தபடி பார்க்கலாம், முன்வரிசைகளைத் தவிர்த்தால் நனையவும் மாட்டார்கள். மறுநாள் நேரம் இருந்தால் ஹா பார் வில்லாவுக்கு எம்ஆர்டி ரயிலில் போங்கள். நிலையத்துக்கே அந்தப் பெயர்தான். பூங்காவுக்குக் கட்டணம் இல்லை. நரக மன்றங்கள் உள்ள அருங்காட்சியகத்துக்கு மட்டும் டிக்கெட் எடுக்க வேண்டும். வெயில் ஏறுமுன் போய்விடுவது நல்லது.