ஏடிஹெச்டி உள்ளவர் வீட்டை ஒதுங்க வைப்பது எப்படி?

கேள்வி: பாளையங்கோட்டையில் வசிக்கிறேன். சென்ற ஆண்டுதான் எனக்கு ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைத் துடிப்புக் கோளாறு) இருப்பது உறுதியானது. தார்சாவில் துணிக் குவியல், அடுப்படியில் ரசீதுகள், பரண் நிறையப் பாத்திரங்கள். பொங்கலுக்கு முன் ஒரே நாளில் ஒதுக்க முயன்று பாதியில் விட்டுவிடுகிறேன். மாமியார் சோம்பேறி என்கிறார். மனம் வெறுத்துப் போகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஏடிஹெச்டி உள்ளவர்களுக்கு ஒரு வேலையைத் தொடங்குவதும், அடுத்தடுத்த படிகளை வரிசைப்படுத்துவதும், அவற்றை மனத்தில் நிறுத்திக்கொள்வதும் கடினம், வீட்டை ஒதுங்க வைப்பதோ இம்மூன்றையும் ஒருசேரக் கேட்கும் வேலை. ஆகவே அதைச் சோம்பல் என்று அத்தை சொல்வதும், நீங்கள் அதை நம்பத் தொடங்கியிருப்பதும் தவறு.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க எல்லாவற்றையும் முற்றத்தில் எடுத்துப் போடும் வழக்கம் உங்களுக்கு ஒத்துவராது. வெளியே வந்த ஒவ்வொரு பொருளும் 'வைப்பதா, கொடுப்பதா' என்று ஒரு முடிவைக் கேட்கும்; இடையில் பழைய கல்யாண ஆல்பம் கையில் அகப்பட்டால் பொழுது அதிலேயே போய்விடும். மாறாக, கைப்பேசியில் 15 நிமிடத்திற்கு மணி வைத்து, ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்திற்குள் திரும்ப வைக்கக்கூடிய அளவே வெளியே எடுங்கள். மணி அடித்ததும், ஆர்வம் மிஞ்சியிருந்தாலும், நிறுத்திவிடுங்கள்.

பொருள்களைக் கண்ணில் படும்படி வைப்பது மிக முக்கியம், ஏனெனில் மூடிய டப்பாவுக்குள்ளும் கதவு போட்ட அலமாரிக்குள்ளும் போனவை உங்கள் நினைவிலிருந்தும் போய்விடும். நம் பக்கத்தில் கிடைக்கும் வாயகன்ற பனையோலைப் பெட்டிகளை ஆளுக்கொன்றாக, துணி இப்போது குவியும் அதே தார்சாவில் வையுங்கள். வீட்டில் உடுத்தும் துணிகளை மடிக்கவே வேண்டாம், பெட்டியில் போட்டாலே போதும். ரசீதுகளுக்குக் கடைகளில் பில் குத்தி வைக்கும் கம்பி ஒன்று போதும். பரணிலுள்ள பாத்திரங்கள் அன்றாடத்திற்கு இடைஞ்சல் செய்யவில்லை. அவற்றை இப்போது தொட வேண்டியதில்லை.

அருகில் ஒருவர் இருந்தால் பலருக்கு வேலையைத் தொடங்குவது எளிதாகிறது. அந்த 15 நிமிடம் அத்தை அதே அறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கட்டும். உங்கள் வேலையைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருந்தாலே அது பேருதவி.

நீங்கள் எழுதியிருக்கும் மனவெறுப்பை நான் சிறிதாக எண்ணவில்லை. ஏடிஹெச்டி உள்ள பெரியவர்கள் பலருக்கு மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்தே வருகின்றன. தூக்கமோ பசியோ குறைந்திருந்தால், உங்கள் மருத்துவரிடமோ, ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ தாமதியாமல் சொல்லுங்கள். மாத்திரைகள் எடுத்துவந்தால் அவற்றை நீங்களாக நிறுத்த வேண்டாம். இரவில் மனம் தாங்காவிட்டால், அரசின் மனநல உதவி அழைப்பான டெலிமானஸ் சேவையின் 14416 என்ற எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.