மைனஸ் 9 பவருக்கு லேசிக்கா, ஐசிஎல்லா?

மைனஸ் 9 பவருக்கு, கண்ணின் முன்புறத்தில் உள்ள ஒளி ஊடுருவும் படலமான கருவிழியை லேசரால் செதுக்கும் லேசிக் போதுமா, கண்ணுக்குள் ஐசிஎல் என்ற செயற்கை லென்ஸ் வைக்க வேண்டுமா, எதை அடுத்த மாதத்துக்குள் முடிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரத்துக்குக் காரணம் சொல்லவில்லை. வீட்டில் வரன் பார்க்கிறார்கள் என்றே ஊகிக்கிறேன். இதை உங்கள் கண்ணின் அளவுகள்தான் தீர்மானிக்க வேண்டும், கல்யாணத் தேதி அல்ல.

எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 11 இருந்தது. முதலில் போன மருத்துவமனையில், மருத்துவரைப் பார்க்கும் முன்பே ஒருவர் கட்டணப் பட்டியலை எடுத்து வைத்து, இன்றே முன்பணம் கட்டினால் சலுகை உண்டு என்றார். கம்ப்யூட்டரில் பவர் பார்த்ததைத் தவிர அதுவரை ஒரு பரிசோதனையும் நடக்கவில்லை. காண்டாக்ட் லென்ஸ் அணியும் பழக்கம் உண்டா என்றுகூடக் கேட்கவில்லை. அந்த லென்ஸ் கருவிழியின் வளைவைத் தற்காலிகமாக மாற்றிவிடும் என்பதால், அதைக் கழற்றிச் சில நாட்கள், கெட்டி லென்ஸ் என்றால் சில வாரங்கள் கழித்து எடுக்கும் அளவைத்தான் நம்ப முடியும்.

இரண்டாவது இடத்தில் அளவெடுக்கவே அரை நாள் ஆயிற்று. தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, இமைக்காமல் நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார்கள். மெல்லிய நீல ஒளிக்கீற்று ஒன்று கண்ணெதிரே சுழன்று நின்றது. என் கருவிழியின் தடிமன் 470 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) என்று அதில் தெரிந்தது. பொதுவாக 540 அளவில் இருக்கும். லேசிக்கில் மேலே திறக்கும் மடலுக்குச் சுமார் 100 மைக்ரான், பிறகு ஒவ்வொரு பவருக்கும் 12 மைக்ரானோ சற்று அதிகமோ செதுக்கிய பின்னும், அடியில் 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும்; மிஞ்சாவிட்டால் கருவிழி வலுவிழந்து முன்னோக்கிப் பிதுங்கக்கூடும். என் கண்ணில் மிஞ்சாது என்று மருத்துவர் தாளில் கணக்குப் போட்டே காட்டினார். உங்கள் கருவிழி தடிமனாக இருந்தால் உங்களுக்கு மிஞ்சலாம்.

ஐசிஎல் கருவிழியைச் செதுக்காமல், கண்ணின் நிறமுள்ள வளையமான ஐரிசுக்குப் பின்னால், இயற்கையான லென்சுக்கு முன்னால் போய் உட்காருகிறது. தேவைப்பட்டால் வெளியே எடுத்துவிடலாம். ஆனால் இதற்கு இன்னும் நுணுக்கமான அளவுகள் வேண்டும். லென்ஸ் சிறியதாகிவிட்டால் இயற்கை லென்சை உரசிக் கண்புரையை வரவழைக்கலாம். பெரியதாகிவிட்டால் ஐரிசை முன்னே தள்ளிக் கண் அழுத்தத்தை ஏற்றலாம். கருவிழியின் உட்புறச் செல்களையும் எண்ணிப் பார்ப்பார்கள், ஏனெனில் அவை அழிந்தால் மறுபடி வளர்வதில்லை. கண்ணாடியின் பவரையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கண்ணாடி சுமார் 12 மில்லிமீட்டர் தள்ளி இருப்பதால், அங்கே மைனஸ் 11 என்பது கருவிழியின் மேல் மைனஸ் 9.75 அளவுக்குத்தான் வரும்.

நான் ஐசிஎல் வைத்துக்கொண்டேன்; இப்போது கண்ணாடி இல்லாமல் 6/6 வரியைப் படிக்கிறேன். லென்சின் நடுவே, கண்ணுக்குள் சுரக்கும் நீர் கடந்து செல்ல 0.36 மில்லிமீட்டர் துளை உண்டு. அதன் விளிம்பில் ஒளி சிதறுவதால், தொடக்கத்தில் இரவு நேரத்தில் தெருவிளக்கைச் சுற்றி ஒரு வளையம் தெரிந்தது. இன்று கவனித்துப் பார்த்தால்தான் தெரிகிறது. நான் மருத்துவர் அல்ல, லேசிக் செய்து நலமாக இருப்பவர்களோடு எனக்கு எந்த வழக்கும் இல்லை.

என் ஆற்றாமை வேறு. அண்ணனும் சோடாபுட்டிக் கண்ணாடிதான் போட்டிருந்தான். பெண் பார்க்கப் போகும்போது அதைக் கழற்று என்று அவனிடம் ஒருவரும் சொன்னதில்லை. எனக்கு மட்டும் பத்தொன்பது வயதிலேயே, பவர் ஏறிக்கொண்டிருந்த காலத்தில், லேசர் செய்துவிடலாம் என்று உறவினர்கள் அம்மாவை நச்சரித்தார்கள். பவர் ஓராண்டாவது மாறாமல் நின்ற பிறகுதான் எந்தச் சிகிச்சையும் செய்ய வேண்டும். அதன் பிறகும் கிட்டப்பார்வையால் நீண்ட கண் நீண்டபடியேதான் இருக்கும். விழித்திரை கிழியும் அபாயம் அதோடு போய்விடுவதில்லை. ஆகவே ஆண்டுதோறும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். இதை வரன் வீட்டாரிடம் மறைக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

எதைச் செய்தாலும், சிகிச்சைக்கு முன் எடுத்த அளவுத்தாள்கள் அனைத்தையும் நகல் கேட்டு வாங்கி வையுங்கள். லேசிக் செய்த கண்ணுக்குப் பிற்காலத்தில் கண்புரை வந்தால், வழக்கமான கணக்கில், அந்த அறுவையில் கண்ணுக்குள் வைக்கும் லென்சின் பவர் தப்பிவிடும். அப்போது மருத்துவர் முதலில் கேட்பது அந்தத் தாள்களைத்தான்.