அந்த மனிதர் எங்கே தூங்குகிறார்?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): எனக்கு வயது 28. பெரம்பூரில் வசிக்கிறேன். ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. நண்பர்கள் ஐந்து பேர் ஆறு ஆண்டுகளாகத் தமிழில் சொந்தமாகப் பாட்டெழுதி ராக் இசைக்குழு நடத்துகிறோம். நான் பாடுகிறேன், கிட்டார் வாசிக்கிறேன். ஞாயிறுதோறும் காலை ஒன்பது முதல் பகல் இரண்டு வரை டிரம்ஸ் வாசிக்கும் நண்பன் வீட்டில் பயிற்சி. அவன் அப்பா இரவுக் காவலாளி. நாங்கள் வாசிக்கத் தொடங்கியதும் துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கோயில் மண்டபத்தில் தூங்கப் போய்விடுவார், அதனால் தொந்தரவு இல்லை. வெளியே பயிற்சி அறை எடுத்தால் மணிக்கு 400 ரூபாய். சென்ற ஆண்டு 14 கச்சேரிகள் செய்தோம். வண்டி, ஒலி அமைப்புச் செலவு போக 1,20,000 ரூபாய் மிஞ்சியது. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இசையில் இறங்க நினைக்கிறேன். அடுத்த ஆண்டு ஓய்வுபெறப்போகும் என் அப்பாவுக்கு இது புரியவில்லை. ஒரு கச்சேரிக்குக்கூட அவர் வந்ததில்லை. எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, உங்கள் அப்பாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நண்பனின் அப்பாவுக்கு ஒரே ஒரு வரி. அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

'அதனால் தொந்தரவு இல்லை' என்கிறீர்கள். யாருக்கு? இரவெல்லாம் யாருடைய வாசலிலோ கண்விழித்துவிட்டு வீடு திரும்புகிறார் ஒரு மனிதர். தன் வீட்டில், தன் பாயில் படுக்க அவருக்கு இடமில்லை. கல்தரையில் துண்டை விரிக்கிறார். அதுவும் எவ்வளவு நேரம்? பெரும்பாலான கோயில்களில் பகல் பன்னிரண்டு மணிக்கு நடை சாத்திவிடுவார்கள். உங்கள் பயிற்சி முடிவது இரண்டு மணிக்கு. இடையில் அவர் எங்கே போகிறார்? ஆறு ஆண்டுகளில் உங்கள் ஐவரில் ஒருவராவது கேட்டதுண்டா? அன்று இரவே மறுபடி வேலைக்குப் போக வேண்டியவர் அவர். உங்கள் நண்பன் மீதும் எனக்குக் கோபம்தான். அப்பா துண்டை எடுப்பதைப் பார்த்துக்கொண்டே குச்சியைக் கையில் எடுக்கிறான்.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர். இதையும் கணக்குப் போடுங்கள். ஐந்து மணி நேரத்துக்கு அறை வாடகை 2,000 ரூபாய். ஆண்டுக்கு 52 ஞாயிறு என்றால் 1,04,000 ரூபாய். 1,20,000-ல் அதைக் கழித்தால் மிச்சம் 16,000. ஐந்து பேருக்குப் பிரித்தால் தலைக்கு 3,200 ரூபாய், ஓர் ஆண்டு முழுமைக்கும். மற்றதெல்லாம் அந்தக் காவலாளியின் தூக்கத்திலிருந்து வந்த பணம். இதை நம்பி வேலையை விட நினைக்கிறீர்கள். விடாதீர்கள்.

இசையை விடச் சொல்லவில்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதல் மேடை ஏறியபோது, சினிமாவுக்கு வெளியிலும் தமிழ்ப் பாட்டுக்குப் பெருங்கூட்டம் சேரும் என்பதைச் சென்னை கண்டது. ஆனால் காலம் பிடிக்கும். தில்லியின் இந்தியன் ஓஷன் குழு தொடங்கியது 1990-ல். அவர்களைப் பரவலாகக் கொண்டுசேர்த்த 'கண்டிசா' பாட்டுத் தொகுப்பு வந்தது 2000-ல். அவர்களிடம் எனக்குப் பிடித்தது வேறொன்று. 2010-ல் வெளியிட்ட தொகுப்புக்கு '16/330 கஜூர் ரோடு' என்று பெயர் வைத்தார்கள். அது கரோல் பாகில் அவர்கள் பல ஆண்டுகள் பயிற்சி செய்த பழைய வீட்டின் முகவரி. உங்களுக்கு ஆறு ஆண்டுகள் இடம் கொடுத்த வீட்டைப் பற்றி நீங்கள் எழுதியது, வாடகை மிச்சம் என்பது மட்டும்.

உங்கள் அப்பாவுக்கு வருவோம். அடுத்த ஆண்டு அவர் சம்பளம் நிற்கப்போகிறது. அதே நேரத்தில் மகனும் சம்பளம் வேண்டாம் என்கிறான். அவர் பயப்படுகிறார். அதைப் புரியாமை என்று சொல்லாதீர்கள். பிள்ளையின் கலையைப் பெற்றவர்கள் ரசித்தே ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சம்பாதிக்கும் வயதுக்கு வந்த பிள்ளை பெற்றவர்களை நிம்மதியாகத் தூங்கவிட வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். அந்தப் பெற்றவர் நண்பனுடைய அப்பாவானாலும் அப்படித்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். எந்தப் பாட்டை யார் எழுதியது, யார் மெட்டமைத்தது என்று தாளில் எழுதி ஐவரும் கையெழுத்திடுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டி பங்கை, அதாவது பாட்டைப் பிறர் பயன்படுத்தும்போது வரும் பணத்தில் தங்கள் பங்கை, வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு எவருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. டிரம்ஸ்காரன் இசையமைப்பில் சேர்ந்து உழைத்திருந்தால், அவன் பெயர் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

இனி கச்சேரிப் பணம் வந்ததும் முதல் செலவு அறை வாடகையாக இருக்கட்டும். ஐந்து மணி நேரத்துக்குக் கட்டுப்படியாகாது என்றால் மூன்று மணி நேரம் வாசியுங்கள். வீட்டில் நண்பன் டிரம்ஸுக்குப் பதில் அதிகம் சத்தம் எழாத ரப்பர் பலகையில் பழகிக்கொள்ளட்டும். வரும் சனிக்கிழமை மாலை, நண்பனின் அப்பா வேலைக்குக் கிளம்புவதற்கு முன் ஐந்து பேரும் போங்கள். மன்னிப்புக் கேளுங்கள். டிரம்ஸைக் கழற்றி வண்டியில் ஏற்றுங்கள். ஞாயிறு காலை அவர் திரும்பும்போது அந்த அறை காலியாக இருக்கட்டும்.