உறுமி ஏன் கரகரக்கிறது?

கேள்வி: தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலையில் கைப்பேசியில் பதிந்த உறுமி மேளத்தை அப்பாவின் பழைய கமோடோர் 64 வீட்டுக் கணினியில் ஒலிக்க வைத்தேன். 4 பிட், விநாடிக்கு 8,000 சாம்பிள் (ஒலியின் அளவெடுத்த துண்டுகள்), ஐஆர்க்யூ டைமர் (குறித்த நேரத்தில் நிரலை இடைமறிக்கும் கடிகாரம்), எல்லாம் இயந்திர மொழியில். அடி கேட்கிறது; கூடவே ஒரு கரகரப்பு. சாம்பிளை எத்தனை முறை மாற்றியும் போகவில்லை.
- வாசகர், பட்டர்வொர்த்

சாம்பிளை விடுங்கள், குற்றம் அநேகமாக அதில் இல்லை. போக் 53265,11 (ஒரு நினைவக முகவரியில் எண்ணை எழுதும் கட்டளை) என்று அடித்துத் திரையை அணைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். (திரை திரும்ப வர போக் 53265,27.) கரகரப்பு சட்டென்று அடங்கினால் திருடன் விக்-2, அதாவது திரைச் சில்லு.

எழுத்துகளை வரைவதற்காக அது எட்டு வரிக்கு ஒருமுறை கணினியின் மூளையான சிபியுவை 40 சுழற்சிக்கு (கடிகாரத் துடிப்புக்கு) மேல் நிறுத்தி வைக்கிறது. இதைத்தான் பேட் லைன் என்பார்கள். நம் ஊர் பால் (PAL) தொலைக்காட்சி முறைக் கணினி விநாடிக்கு 985,248 சுழற்சி ஓடும். உங்கள் கணக்குப்படி ஒரு சாம்பிளுக்கு 123 சுழற்சிதான். அதில் 40 பிந்தினால்? விநாடிக்குச் சுமார் 1,250 பேட் லைன் வருகிறது. எத்தனை சாம்பிள் என்பதைவிட, ஒவ்வொன்றும் சரியான இடைவெளியில் விழுகிறதா என்பதுதான் முக்கியம். மேளக்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

திரை வேண்டாமென்றால் அணைத்தபடியே வாசித்துவிடலாம். வேண்டுமென்றால் ஐஆர்க்யூவைக் கைவிட்டு, இரண்டாவது சிஐஏ சில்லின் டைமரை என்எம்ஐக்குக் (நிரலால் தடுக்க முடியாத இடைமறிப்புக்குக்) கொடுங்கள். டைமரில் 125 வையுங்கள். சுற்று 126 சுழற்சி ஆகும். ஒரு வரிக்கு 63 சுழற்சி என்பதால் இது மிகச் சரியாக இரண்டு வரி. பேட் லைன்கள் 51, 59, 67 என்று எல்லாமே ஒற்றைப்படை வரிகள். ஆகவே டைமரை ஓர் இரட்டைப்படை வரியின் தொடக்கத்தில் கிளப்பிவிட்டால், என்எம்ஐ ஒருபோதும் பேட் லைனில் மாட்டாது. ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையை ஒருமுறை முழுதாக வரைய, 312 வரி, அதுவும் இரட்டைப்படை. ஃபிரேம் மாறினாலும் கணக்கு பிசகாது. எனக்கு இந்தக் கணினியில் மிகவும் பிடித்த தற்செயல் இதுதான். வேகம் 7,819 ஆகக் குறையும், காதுக்குத் தெரியாது. ஸ்பிரைட்களை (திரையில் நகரும் சிறு உருவங்களை) மட்டும் அணைத்து வையுங்கள், அவையும் சுழற்சியைத் திருடும்.

என்எம்ஐக்குள் நுழைந்ததும் முதல் வேலை, ஏற்கெனவே தயாராக உள்ள மதிப்பை ஒலியளவு முகவரியான 54296-இல் எழுதுவது. அப்புறம், அடுத்த என்எம்ஐக்கு வழிவிட, 56589-ஐப் படியுங்கள். மறந்தால் ஒரே ஒரு சாம்பிளோடு ஊமையாகிவிடும். அடுத்த மதிப்பைக் கடைசியில் தயார் செய்யுங்கள். ஒரு பைட்டில் இரண்டு சாம்பிள் அடைத்திருந்தால் எழுதும் மதிப்பின் மேல் நான்கு பிட்டை வெட்டிவிட வேண்டும். அவை ஒலியை வடிக்கும் ஃபில்டருக்கும் மூன்றாவது குரலை அடக்குவதற்கும் ஆனவை, கண்டபடி மாறினால் வேறொரு இரைச்சல் கிளம்பும்.

முழு மேளத்தையும் ஏற்றாதீர்கள். அரை விநாடி அடி ஒன்று 2 கேபிக்குள் அடங்கும். தனித்தனி அடிகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் நடு மதிப்பான 8-இல் தொடங்கி 8-இல் முடியுங்கள், 'டப்' சத்தம் வராது. வளைந்த குச்சியால் தேய்க்கும் உறுமல் மட்டும் சிரமம்: ஒலி அடங்க அடங்க 16 படிகள் போதாமல் இரைச்சலில் கரைந்துவிடும். அதன் வாலைச் சீக்கிரமே நறுக்கிவிடுங்கள்.

இத்தனையும் செய்து ஒலி சுத்தமாக, ஆனால் கிசுகிசுப்பாக வந்தால், உள்ளே இருக்கும் சிட் எனும் ஒலிச் சில்லு பழைய 6581 அல்ல, பின்னால் வந்த 8580. 54278, 54285, 54292 மூன்றிலும் 255. பிறகு 54276, 54283, 54290 மூன்றிலும் 73 போடுங்கள். சத்தம் எழும்பும்.