சீனாவில் எம்பிபிஎஸ் முடித்து, வெளிநாட்டில் படித்தவர்கள் இலங்கையில் பதிவு பெற எழுதும் ஈஆர்பிஎம் பரீட்சையில் சித்தியடைந்து, கொழும்பில் வேலை செய்கிறேன். வெளிநாடு போக எந்த விசா நல்லது?

வைத்தியருக்கு விசா கடைசியில்தான் வரும். முதலில் அந்த நாட்டு மருத்துவ சபையின் பதிவு, பிறகு வேலை, அதன் பிறகே விசா. முகவர் யாராவது இந்த வரிசையை மாற்றிச் சொன்னால் காசைக் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

நம்மவர்கள் அதிகம் நாடுவது பிரித்தானியாவை. ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையில் மொத்தம் 7.5, எந்தப் பிரிவிலும் 7க்குக் குறையக் கூடாது. பிறகு பிளாப், அதாவது வெளிநாட்டில் படித்த வைத்தியர்கள் அங்கே பதிவு பெற எழுதும் பரீட்சை. முதல் பகுதி 180 கேள்விகள், 3 மணித்தியாலம். இரண்டாம் பகுதிக்கு மான்செஸ்டர் போக வேண்டும். அதற்கு வருகையாளர் விசா போதும், ஆனால் அதை வைத்து ஒரு நாள்கூடச் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. வைத்தியசாலை ஒன்று வேலை தந்து ஸ்பொன்சர் செய்தால்தான் ஹெல்த் அண்ட் கெயார் வேர்க்கர் விசா. இதில் குடிவரவுச் சுகாதாரக் கட்டணம் இல்லை; பிள்ளைகுட்டியோடு போகிறவருக்கு அது பெரிய தொகை. சிக்கல் வேலையில்தான். பிளாப் சித்தியடைந்து, பதிவும் பெற்று, மாதக்கணக்கில் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பவர்கள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். விசேட வைத்தியப் பயிற்சியில் இருந்ததால் நான் எம்டிஐ என்ற குறுகிய காலப் பயிற்சித் திட்டத்தில் போனேன். பிளாப் தேவைப்படவில்லை. ஆனால் உச்ச வரம்பு 24 மாதம். திரும்பி வெள்ளவத்தைக்கே வந்துவிட்டேன்.

அவுஸ்திரேலியாவுக்கு அந்நாட்டு மருத்துவ சபையின் ஏஎம்சி பரீட்சை, பிறகு பெரும்பாலும் வேலை தருபவர் ஸ்பொன்சர் செய்யும் 482 விசா. விசா இலக்கத்தை மனப்பாடம் செய்வதற்கு முன் 19ஏபி என்ற சட்டப் பிரிவைப் படியுங்கள். வெளிநாட்டில் படித்தவர் பொது வைத்தியராக மெடிகெயார் என்ற அரசாங்க மருத்துவக் காப்புறுதியில் பணம் பெற வேண்டுமென்றால், பொதுவாக 10 வருடம் வைத்தியர் பற்றாக்குறையுள்ள இடத்தில்தான் இருக்க வேண்டும். நிரந்தர வதிவிடம் கிடைத்தாலும் இது விடாது. சிட்னியில் சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் கிளினிக் போடும் கனவு அங்கேதான் இடறும்.

அமெரிக்காவுக்கு யூஎஸ்எம்எல்ஈ என்ற உரிமப் பரீட்சை. பயிற்சிக்குப் பெரும்பாலும் ஜே-1 என்ற பரிமாற்ற விசா. நம் சுகாதார அமைச்சின் கடிதமும் வேண்டும். பயிற்சி முடிந்ததும் 2 வருடம் நாடு திரும்ப வேண்டும், அல்லது விலக்குப் பெற்றுப் பின்தங்கிய பகுதியில் 3 வருடம் வேலை செய்ய வேண்டும். பொறுமையும் பணமும் இருப்பவர்களுக்கு.

இங்கே நீங்கள் பெற்ற பதிவு உதவும்தான், ஆனாலும் எல்லா நாடுகளும் உங்கள் சீனப் பட்டத்தை அந்தப் பல்கலைக்கழகத்திடமே கேட்டுச் சரிபார்க்கும். உங்கள் மீது ஒழுக்காற்று நடவடிக்கை எதுவும் இல்லை என்று இலங்கை மருத்துவ சபை தரும் நன்னிலைச் சான்றிதழை முந்திக்கொண்டு எடுக்காதீர்கள். பிரித்தானியாவில் அது 3 மாதம்தான் செல்லும்.

என்னை நாலு மாதம் கட்டிப்போட்டது பெயர். பட்டத்தில் அப்பாவின் பெயர் முன்னால், கடவுச்சீட்டில் பின்னால், ஆங்கில எழுத்தும் வேறு. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடித்து, அதை ஏற்றுக்கொள்ளும்வரை காத்திருந்து, ஒரு பரீட்சைத் திகதியையே தவறவிட்டேன். இன்றிரவே உங்கள் சான்றிதழ்களைக் கடவுச்சீட்டுக்குப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.