பணம் கட்டாதீர்கள், போர்டு பொருந்தாது

தம்பி, புதுக் கம்ப்யூட்டருக்கு ரைசன் 5 5600 பிராசசர், பி650 மதர்போர்டு, டிடிஆர்4 ராம், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, கேபினெட்டோடு வரும் 500 வாட் பவர் சப்ளை: காரைக்குடிக் கடையில் பணம் கட்டலாமா என்கிறீர்கள். வேண்டாம். 5600 பிராசசர் ஏஎம்4 சாக்கெட்டுக்கானது; சாக்கெட் என்பது போர்டில் பிராசசர் உட்காரும் இடம். பி650 போர்டில் இருப்பது ஏஎம்5 சாக்கெட், அந்தப் போர்டில் டிடிஆர்5 ராம் மட்டுமே ஏறும். பி550 போர்டாக மாற்றினால் ராமும் பொருந்தும்.

என் பெரிய கவலை பவர் சப்ளைதான். அட்டைப்பெட்டியின் வாட்டை விடுங்கள். லேபிளில் 12 வோல்ட் வரியைப் பாருங்கள். 18 ஆம்பியர் என்றிருந்தால் 216 வாட்தான். கிராபிக்ஸ் கார்டு மட்டுமே 170 வாட் இழுக்கும். 80 பிளஸ் முத்திரை மின்சிக்கனத்தைச் சொல்லும், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரின் தரத்தைச் சொல்லாது. 550 வாட்டில், ஐந்தாண்டு உத்தரவாதத்தோடு தனியாக வாங்குங்கள்.

ஐயா காலத்து வீடு என்றீர்களே, வளவில் இருப்பது இரண்டு துளை பிளக் என்றால் எர்த் கிடையாது. முதலில் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.